இருவழி ஸ்லாப்: கணக்கைத் தொடங்கும் முன் ஓரங்களைப் பாருங்கள்

இருவழி ஸ்லாப், அதாவது இரு திசையிலும் சுமையைக் கடத்தும் கான்கிரீட் தளம், வடிவமைக்கச் சொன்னால், புதிதாக வேலைக்கு வரும் பொறியாளர்கள் உடனே ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூலின் 26-ஆவது அட்டவணையைப் புரட்டுகிறார்கள். எண் கிடைத்ததும் பெருக்கி, கம்பியைக் கண்டுபிடித்து, தாளை என் மேசைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நான் அந்தத் தாளில் முதலில் தேடுவது எண்களை அல்ல. அந்த ஸ்லாபின் நான்கு ஓரங்களும் எப்படி இருக்கின்றன என்று ஒரு சிறு படமாவது வரைந்திருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். படம் இல்லையென்றால் கணக்கைப் படிக்காமலே திருப்பித் தருவேன். கடுமைக்காக இதைச் செய்வதில்லை. இந்த வேலையில் பெருக்கல் எளிது. ஓரத்தைச் சரியாகப் படிப்பதும், கம்பி எந்த மட்டத்தில் கிடக்கிறது என்பதில் பிடிவாதமாக இருப்பதும்தான் கடினம்.

முதலில், ஸ்லாப் ஏன் இரு வழியிலும் வேலை செய்கிறது என்பதை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் பீம் தாங்கும் ஒரு பேனலின் நடுவில், குறுக்கே ஒரு மீட்டர் அகலப் பட்டை ஒன்றும் நெடுக்கே இன்னொன்றும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதாக நினையுங்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தொய்வு ஒன்றாகத்தான் இருக்க முடியும். தொய்வோ ஸ்பானின், அதாவது தாங்கும் ஆதாரங்களுக்கு (இங்கே பீம்களுக்கு) இடையிலான தூரத்தின், நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எனவே குறுகிய பட்டைதான் அதிகச் சுமையை வாங்கிக்கொள்ளும். நீள அகல விகிதம் 1.2 என்றால் சுமை ஏறத்தாழ 2-க்கு 1 என்று பிரியும். குறுகிய திசை மூன்றில் இரண்டு பங்கைத் தாங்கும். விகிதம் 2 ஆகிவிட்டால் 16-க்கு 1. நெடுக்குத் திசை பெயருக்குத்தான் இருக்கிறது. விகிதம் 2-ஐத் தாண்டினால் ஒருவழி ஸ்லாபாகக் கணக்கிடச் சொல்வதன் காரணம் இதுதான்.

இனி ஓரங்கள். ஒரு ஓரத்துக்கு அப்பால் அதே மட்டத்தில் ஸ்லாப் தொடர்ந்தால் அது தொடர் ஓரம். நின்றுவிட்டால் தொடரா ஓரம். அட்டவணையில் இருக்கும் ஒன்பது வகைகளும் இந்த இரண்டின் சேர்க்கைகள்தாம். எந்த வகையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்: விகிதம் 1.2 உள்ள பேனலில் நான்கு ஓரமும் தொடர்ந்தால் குறுகிய ஸ்பானின் நடுவில் கெழு, அதாவது மொமென்ட்டைக் கண்டுபிடிக்க அட்டவணை தரும் பெருக்கு எண், 0.032. நான்கும் தொடராவிட்டால் 0.072. அதே அளவு, அதே சுமை, இரண்டு மடங்குக்கும் மேல் மொமென்ட் (ஸ்லாபை வளைக்கும் விளைவு). கான்கிரீட்டின் தரத்தை மாற்றியோ கம்பியின் தரத்தை மாற்றியோ இவ்வளவு வேறுபாட்டை நீங்கள் கொண்டுவர முடியாது.

தரைப்படத்தில் ஸ்லாப் தொடர்வதுபோல் தெரிந்தாலும் உண்மையில் தொடராத இடங்கள் உண்டு. பக்கத்துப் பேனல் கழிவறைக்காக 300 மில்லிமீட்டர் தாழ்த்தப்பட்டிருந்தால், இங்கிருந்து போகும் மேல்கம்பி அங்கே கான்கிரீட்டுக்குள் நுழையவே நுழையாது. படிக்கட்டுத் திறப்பு ஓரத்தின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டால் அதுவும் தொடரா ஓரம்தான். பக்கத்துப் பேனலை அடுத்த கட்டத்தில்தான் கான்கிரீட் போடப் போகிறார்கள் என்றால், அதுவரை இந்தப் பேனல் தனியாக நின்று சுமை தாங்க வேண்டும். ஆகவே கட்டடக்கலைப் படத்தை மட்டும் பார்க்காதீர்கள். மட்டங்கள் குறித்த படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான ஓரம் வந்தால் நான் செய்வது இது: நடு ஸ்பானுக்கு அதைத் தொடரா ஓரமாகக் கருதுவேன், ஆதாரத்தின் மேல் அது தொடர் ஓரம் என்று கருதி மேல்கம்பி கொடுப்பேன். கம்பி கொஞ்சம் கூடும். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகவே போட்டுப் பார்ப்போம். குறுகிய ஸ்பான் 4 மீட்டர், நீண்ட ஸ்பான் 4.8 மீட்டர், இரண்டும் பயனுறு ஸ்பான்கள். பயனுறு ஸ்பான் என்பது ஆதாரங்களின் மையத்திலிருந்து மையம் வரையிலான தூரம், அல்லது உள்ளளவோடு பயனுறு ஆழத்தை (ஸ்லாபின் எதிர்ப்புற முகத்திலிருந்து கம்பியின் மையம் வரையிலான ஆழத்தை) சேர்த்தது, இவற்றில் சிறியது. பேனல் கட்டடத்தின் மூலையில் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு ஓரங்கள் தொடரா ஓரங்கள். எம்25 தரக் கான்கிரீட், எஃப்இ500 தரக் கம்பி, கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) 20 மில்லிமீட்டர்.

தடிமனை ஊகித்துத்தான் தொடங்க வேண்டும். 3.5 மீட்டர் வரையிலான ஸ்பானுக்கும் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் வரையிலான பயன்பாட்டுச் சுமைக்கும், எஃப்இ415 கம்பி என்றால், ஸ்பானை 28-ஆல் (சாதாரண ஆதாரம்) அல்லது 32-ஆல் (தொடர் ஸ்லாப்) வகுத்து மொத்தத் தடிமனை எடுக்க விதிநூல் இடம் தருகிறது. நம் ஸ்பான் அந்த எல்லையைத் தாண்டுகிறது. ஆனாலும் முதல் ஊகத்துக்கு அதே எண்கள் உதவும். 4000-ஐ 28-ஆல் வகுத்தால் 143, 32-ஆல் வகுத்தால் 125. நான் 140 எடுக்கிறேன். தொய்வைப் பிறகு சரிபார்த்தே ஆக வேண்டும்.

சுமை: 0.14 மீட்டர் தடிமனுக்குத் தன் எடை 3.5, தரைப்பூச்சும் ஓடும் 1.5, பயன்பாட்டுச் சுமை 3. கூட்டினால் சதுர மீட்டருக்கு 8 கிலோநியூட்டன், பாதுகாப்புக் காரணி 1.5-ஆல் பெருக்கினால் 12.

இப்போதுதான் அட்டவணை. விகிதம் 1.2, நான்காம் வகை (அடுத்தடுத்த இரண்டு ஓரங்கள் தொடராதது). குறுகிய திசையில் ஆதாரத்துக்கு 0.060, நடு ஸ்பானுக்கு 0.045. நீண்ட திசையில் 0.047, 0.035. இந்த நான்கு கெழுக்களையும் சுமையோடும் குறுகிய ஸ்பானின் வர்க்கத்தோடும் பெருக்க வேண்டும். நான்கையும் என்று அழுத்திச் சொல்கிறேன். நீண்ட திசை மொமென்ட்டுக்கு நீண்ட ஸ்பானின் வர்க்கத்தைப் போடுவதுதான் நான் தாள்களில் அதிகம் திருத்தும் பிழை. அட்டவணையின் எண்கள் குறுகிய ஸ்பானை வைத்தே வகுக்கப்பட்டவை. நீண்ட திசைக் கெழு விகிதத்தோடு மாறாமல் ஒரே எண்ணாக இருப்பதும் அதனால்தான்.

12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192. அதிலிருந்து, ஒரு மீட்டர் அகலத்துக்கு, குறுகிய திசை ஆதாரத்தில் 11.52 கிலோநியூட்டன் மீட்டர், நடுவில் 8.64, நீண்ட திசை ஆதாரத்தில் 9.02, நடுவில் 6.72. ஆதாரத்தின் மொமென்ட் நடு ஸ்பானினுடையதைப் போல மூன்றில் நான்கு மடங்கு இருப்பதைக் கவனியுங்கள். இந்த அட்டவணை நெடுகிலும் அந்த உறவு ஏறத்தாழ அப்படியே வரும். எண்ணைத் தவறான வரிசையிலிருந்து எடுத்துவிட்டோமா என்று சோதிக்க இதைவிட விரைவான வழி இல்லை.

அடுத்து பயனுறு ஆழம். 8 மில்லிமீட்டர் கம்பியை வைத்தால், வெளி அடுக்கில் கிடக்கும் கம்பிக்கு 140-இல் 20-ஐயும் 4-ஐயும் கழித்து 116. அதன்மேல் குறுக்கே படுக்கும் இரண்டாம் அடுக்குக்கு 108. பெரிய மொமென்ட் குறுகிய திசையில்தான். ஆகவே குறுகிய ஸ்பான் கம்பிதான் கீழே முதலில் விரிக்கப்பட வேண்டும், நீண்ட திசைக் கம்பி அதன்மேல். ஆதாரத்தில் மேல்கம்பிக்கு இது தலைகீழ்: குறுகிய திசைக் கம்பி உச்சியில். கம்பி கட்டுபவருக்கு இது தானாகத் தெரியாது. சதுரத்தை ஒட்டிய பேனலில் எது குறுகியது என்றே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. படத்தில் எழுதுங்கள்.

குறுகிய திசை ஆதாரத்துக்கு 116 ஆழத்தை வைத்துக் கணக்கிட்டால் மீட்டருக்கு 238 சதுர மில்லிமீட்டர் கம்பி வருகிறது; 8 மில்லிமீட்டர் கம்பியை 200 இடைவெளியில் வைத்தால் 251. நடு ஸ்பானுக்கு 177 வேண்டும். 250 இடைவெளியில் 201 கிடைக்கிறது. நீண்ட திசை ஆதாரத்துக்கு 108 ஆழத்தில் 199. அங்கும் 250 இடைவெளி போதும். நீண்ட திசை நடுவில் கணக்கு 147 என்கிறது. ஆனால் குறைந்தபட்சக் கம்பி மொத்தப் பரப்பில் 0.12 சதவீதம், அதாவது 168. அங்கும் 250-ஐயே வைக்கிறேன். முதன்மைக் கம்பியின் இடைவெளி பயனுறு ஆழத்தைப் போல மூன்று மடங்கையோ 300-ஐயோ, எது சிறிதோ அதைத் தாண்டக் கூடாது. 275, 230 என்றெல்லாம் பல இடைவெளிகளை எழுதிச் சில கிலோ கம்பியை மிச்சப்படுத்துவதைவிட, களத்தில் குழப்பமில்லாத ஒரே எண் மேல்.

தொய்வுக்கு: ஸ்பானை ஆழத்தால் வகுத்தால் 34.5. அடிப்படை விகிதம் சாதாரண ஆதாரத்துக்கு 20, தொடர் ஸ்லாபுக்கு 26. இங்கே குறுகிய திசையில் ஒரு முனை மட்டும் தொடர்வதால் நடுவான 23-ஐ எடுக்கிறேன். கம்பி 0.17 சதவீதம்தான், கம்பியில் வரும் தகைவும் குறைவு. அதற்கான பெருக்குக் காரணி ஏறத்தாழ 1.7. பெருக்கினால் 39 வரை இடமிருக்கிறது, ஸ்லாப் தாங்கும். ஷியரை (வெட்டு விசையை) பொறுத்தவரை பீம் தாங்கும் ஸ்லாபில் பெரும்பாலும் பிரச்சினை வராது: மீட்டருக்கு 24 கிலோநியூட்டன், தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 0.21 நியூட்டன், எம்25 கான்கிரீட் தனியாகவே 0.29 தாங்கும்.

மூலைக் கம்பியை விட்டுவிட்டு வரும் தாள்கள்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருபவை. சுமை ஏறும்போது ஸ்லாபின் மூலை மேலெழ முயலும். மேலே சுவரோ தூணோ இருந்து அதை எழவிடாமல் அழுத்தினால் அங்கே முறுக்கம் உண்டாகிறது. ஸ்லாபின் மேற்புறத்தில் மூலைவிட்டத்துக்குக் குறுக்காக விரிசல் ஓடும். அடிப்புறத்தில் மூலைவிட்டத்தின் வழியே ஓடும். மூலையை அழுத்திப் பிடிப்பதால்தான் நடு ஸ்பானின் மொமென்ட் குறைகிறது: நான்கு ஓரமும் தொடராத, விகிதம் 1.2 உள்ள பேனலுக்கு மூலை விடுபட்டிருந்தால் கெழு 0.084, பிடிக்கப்பட்டிருந்தால் 0.072. அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டு மூலைக்குக் கம்பி கொடுக்காமல் விடுவது நியாயமே இல்லை.

இரண்டு தொடரா ஓரங்கள் சந்திக்கும் மூலையில் மேலே இரண்டு அடுக்கு, கீழே இரண்டு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் நடு ஸ்பானுக்குத் தேவையான அதிகபட்சக் கம்பியில் முக்கால் பங்கு; குறுகிய ஸ்பானில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்கு இரு பக்கமும். நம் பேனலில் 177-இன் முக்கால் பங்கு 133. 800 மில்லிமீட்டர் சதுரத்துக்கு மேலே 8 மில்லிமீட்டர் கம்பியை 300 இடைவெளியில் பின்னினால் போதும். கீழே ஏற்கெனவே ஓடும் 201 போதுமானது, கம்பியை ஓரத்துக்கு முன் வெட்டாமல் விட்டால். ஓர் ஓரம் மட்டும் தொடராத மூலைக்கு இதில் பாதி. இரண்டும் தொடரும் மூலைக்கு ஒன்றும் வேண்டாம்.

தொடரா ஓரத்தில் மொமென்ட் பூஜ்யம் என்று அட்டவணை சொன்னாலும், ஸ்லாப் பீமோடு ஒன்றாக வார்க்கப்படுவதால் கொஞ்சம் பிடிப்பு இருக்கும். அங்கே நடு ஸ்பான் கம்பியில் பாதியை மேலே வைத்து, ஸ்பானில் பத்தில் ஒரு பங்கு உள்ளே நீட்டுங்கள். தொடர் ஓரத்தின் மேல்கம்பியில் குறைந்தது பாதி, ஸ்பானில் 0.3 பங்கு வரை போக வேண்டும், மீதி 0.15 பங்கு வரை. நம் குறுகிய ஸ்பானுக்கு அது 1200 மில்லிமீட்டரும் 600 மில்லிமீட்டரும். இருபுறப் பேனல்களும் ஒரே ஆதாரத்துக்கு வெவ்வேறு மொமென்ட் தந்தால் பெரியதற்கே கம்பி வையுங்கள்.

பீமுக்குச் சுமை போகும்போது மூலைகளிலிருந்து 45 பாகையில் கோடு இழுத்தால், குறுகிய பீமுக்கு முக்கோணமும் நீண்ட பீமுக்குச் சரிவகமும் வரும். நீண்ட பீம்தான் அதிகம் வாங்குகிறது என்பதை மறவாதீர்கள்.

கடைசியாக மேல்கம்பியின் மட்டம். ஆதாரத்தில் நாம் வைத்த கம்பி, 116 ஆழத்தில் கிடந்தால், 12.1 கிலோநியூட்டன் மீட்டர் தாங்கும், தேவை 11.52. கான்கிரீட் கொட்டுபவர்கள் அதன்மேல் நடந்து 25 மில்லிமீட்டர் தாழ்த்திவிட்டால் ஆழம் 91. அப்போது அது தாங்குவது 9.4 மட்டுமே. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கம்பி ஒன்றுகூடக் குறையவில்லை. 8 மில்லிமீட்டர் கம்பி ஒரு மனிதரின் எடையைத் தாங்காது, வளைந்துவிடும். அதனால் மேல்கம்பியைத் தாங்கும் சேர்களை (வளைத்த கம்பித் தாங்கிகளை) நெருக்கமாக வைக்கச் சொல்லுங்கள். சேரின் உயரத்தைப் படத்தில் மில்லிமீட்டரில் எழுதுங்கள். நடந்து போகப் பலகைப் பாதை போடச் சொல்லுங்கள். கான்கிரீட் தொடங்கும் முன் ஒரு முறை, கொட்டிக்கொண்டிருக்கும்போது ஆதாரங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு முறை, மேல்கம்பியிலிருந்து சென்டரிங் பலகை வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். குறுகிய திசை மேல்கம்பியின் மையத்துக்கு அந்த அளவு 116 வர வேண்டும்.