வில்லனுக்கு டர்னே வரவில்லை: ஹோம்ப்ரூ மந்திரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்ற கதை ஆட்டத்தில் புதிதாக டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவன், ஆகியிருக்கும் ஒரு தம்பி, விதிப்புத்தகத்தில் இல்லாமல் தானே எழுதிய (ஹோம்ப்ரூ) பதினொரு மந்திரங்களை அனுப்பி "பாத்துச் சொல்லுங்கண்ணா" என்றான். மூன்றாவது மந்திரத்திலேயே நின்றுவிட்டேன். பெயர் வேறு, வர்ணனை வேறு. மற்றபடி, பல வருஷங்களுக்கு முன் நான் எழுதி ஒரு கேம்பைனையே (மாதக்கணக்கில் ஆடும் தொடர்கதையையே) நாசமாக்கிய அதே மந்திரம்.

அதனால்தான் இது. டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துத்தான் பேசுகிறேன். முதல் லெவல் மந்திரத்தில் 10டி6 (பத்து ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை) சேதம் போடாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குள் போகவில்லை.

ஃபயர்பாலை அளவுகோலாக எடுப்பது

3ஆம் லெவல் மந்திரம் எழுத உட்கார்ந்ததும் எல்லோருடைய கையும் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்துக்குத்தான் போகும். 8டி6, சராசரி 28. "என்னுடையது 7டி6 தானே, குறைவுதானே" என்று மனசு சமாதானமாகிவிடும்.

டிஎம்களுக்கான விதிப்புத்தகமான டிஎம் கைடில் புது மந்திரங்களுக்கென்றே ஒரு சேத அட்டவணை இருக்கிறது. 3ஆம் லெவலில் பலரைத் தாக்கும் மந்திரத்துக்கு அது தரும் அளவு 6டி6, சராசரி 21. அதாவது ஃபயர்பால் தன் வகுப்பிலேயே பெஞ்சுக்கு மேல் ஏறி நிற்கிற பையன். அவனை வைத்து மற்றவர்களின் உயரத்தை அளந்தால் எல்லோரும் குட்டையாகத்தான் தெரிவார்கள். அதே அட்டவணையில், ஒரே ஆளைத் தாக்குவதற்கு 5டி10. சேவில் (தாக்கப்படுபவர் தப்பிக்க உருட்டும் பகடையில்) ஜெயித்தால் பாதி சேதம் என்ற கணக்கில் போட்ட எண்கள் இவை. உங்கள் மந்திரத்தில் சேவ் ஜெயித்தால் சேதமே இல்லை என்றால் 25 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம்.

எண்களில் செய்யும் தவறு இவ்வளவுதான். இதைத் திருத்துவதும் சுலபம், அடுத்த வாரம் ஒரு பகடையைக் குறைத்தால் போதும். அடுத்த தவறு அப்படிப்பட்டதல்ல.

டர்னைத் திருடுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். வேறு யார் மேலும் இல்லை, என் மேல்தான்.

என் மந்திரத்தின் பெயர் நிழல்கட்டு. 2ஆம் லெவல். 60 அடிக்குள் இருக்கும் ஓர் உயிர் விஸ்டம் சேவ் போட வேண்டும். தோற்றால் அதன் நிழலே அதைக் கட்டிப்போடும். அடுத்த டர்னில் (தன் முறை வரும்போது) நகரவும் முடியாது, எதுவும் செய்யவும் முடியாது. சேதம் வெறும் 1டி6. அந்த 1டி6-ஐப் பார்க்கப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது, ரொம்பச் சப்பையாக இருக்கிறதே என்று. அதனால் ஆக்ஷனாக (டர்னின் முக்கியச் செயலாக) இருந்ததைப் போனஸ் ஆக்ஷனாக (அதோடு கூடுதலாகச் செய்யும் சின்னச் செயலாக) மாற்றினேன். ஒரு டர்னுக்குத்தானே என்று கான்சன்ட்ரேஷனையும் (மந்திரம் போட்டவர் கவனம் சிதறாமல் பிடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும்) நீக்கினேன். விசார்ட் (மந்திரவாதி) ஆடிய நண்பனிடம் கொடுத்தபோது அவன்கூட "இது எதுக்கு மச்சான், சேதமே இல்லையே" என்றுதான் கேட்டான்.

பிறகு அந்த வில்லன் வந்தான். எட்டு மாதமாக வளர்த்த ஆள். கோட்டையின் மேல்தளம், கருப்புக் கவசம், 120 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). அவனுக்கென்று தனியாக ஒரு மினியேச்சர் வாங்கி, இரண்டு ராத்திரி உட்கார்ந்து பெயின்ட் அடித்திருந்தேன். இனிஷியேட்டிவில் (யார் முதலில் என்ற வரிசையில்) விசார்டுக்கு முதலிடம். நிழல்கட்டு. சேவ் போட்டேன், 4 விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது ரவுண்டு, மறுபடியும் நிழல்கட்டு. 9. சிரித்தார்கள். மூன்றாவது ரவுண்டில் 11 விழுந்தபோது யாரும் சிரிக்கவில்லை. வில்லன் செத்துப்போனான். மினியேச்சர் வைத்த கட்டத்தைவிட்டு ஒரு கட்டம்கூட நகரவில்லை, கத்தியை உருவவில்லை. ஃபைட்டர் ஆடியவர் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்: "அவ்வளவுதானா?"

துரதிர்ஷ்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டேன். 5ஆம் லெவல் விசார்ட், இன்டெலிஜென்ஸ் 18 என்றால் சேவ் டிசி (தப்பிக்க எட்ட வேண்டிய எண்) 15. வில்லனின் விஸ்டம் சேவ் +2, ஆக 13 விழுந்தால்தான் தப்பிப்பான். தோற்க வாய்ப்பு 60 சதவீதம். தொடர்ந்து மூன்று முறை தோற்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவை நடக்கும். அதாவது இது அதிசயமே இல்லை. அவ்வளவு மோசமாகப் போகாத நாளிலும், மூன்று டர்னில் சராசரியாக 1.8 டர்ன் காலி. அசுரர்களின் பலத்தைக் கணக்கிடும்போது டிஎம் கைடே முதல் மூன்று ரவுண்டுகளின் சேதத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது; சண்டை என்பது அவ்வளவு சின்ன விஷயம். அதில் பாதிக்கு மேல் நான் வெறும் 2ஆம் லெவல் ஸ்லாட்டுகளுக்கு (மந்திரம் போடக் கிடைக்கும் எண்ணிக்கையான வாய்ப்புகளுக்கு) விற்றிருந்தேன். விசார்டிடம் அப்போது 2ஆம் லெவல் ஸ்லாட் மூன்று, 3ஆம் லெவல் இரண்டு. ஐந்து முறை போடலாம். போட்டுவிட்டு ஆக்ஷனில் ஃபயர் போல்டும் விடலாம், அது ஸ்லாட் செலவாகாத கேன்ட்ரிப்தானே.

நாலு பேர் ஒருவனைச் சுற்றி நிற்கும்போது அவர்களுக்கு ஒரு ரவுண்டில் நாலு டர்ன், அவனுக்கு ஒன்று. அந்த ஒன்றைப் பறித்தால் அவனுடைய எல்லாவற்றையும் பறித்ததாக அர்த்தம். பறித்த டர்னின் விலை சேதப் பகடையில் தெரியாது. ஆறு ஓர்க் நிற்கிற சண்டையில் இதே மந்திரம் நிஜமாகவே சப்பைதான். நான் அதை அப்படிப்பட்ட சண்டைகளில்தான் சோதித்துப் பார்த்திருந்தேன்.

இப்போது விதிப்புத்தகத்தில் உள்ள ஹோல்ட் பெர்சனை எடுத்துப் பாருங்கள். அதுவும் 2ஆம் லெவல், அதுவும் ஆளை அசையவிடாது, பாதிப்பு இன்னும் மோசம். ஆனால் எத்தனை தாழ்ப்பாள் என்று எண்ணுங்கள். முழு ஆக்ஷன் போகும். மனித உருவம் கொண்ட இனங்கள் மேல் மட்டும்தான் பலிக்கும். ஒவ்வொரு டர்ன் முடிவிலும் இன்னொரு சேவ் உண்டு. கான்சன்ட்ரேஷன் வேண்டும், விசார்டை யாராவது அடித்தால் கான்ஸ்டிட்யூஷன் சேவ், டிசி 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. வில்லனின் அடியாள் ஒருவன் விசார்டை நோக்கி ஓடுவதற்கு அங்கே ஒரு காரணம் கிடைக்கிறது. நான் அந்தத் தாழ்ப்பாள்களை ஒன்றொன்றாகக் கழற்றிவிட்டு, கதவு திறந்துகொண்டதே என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் பெரிய முட்டாள்தனம். மந்திரத்தைத் திருத்தக் கூச்சப்பட்டுக்கொண்டு, அடுத்தடுத்து வந்த வில்லன்களுக்கெல்லாம் விஸ்டம் சேவை ஏற்றினேன். நிழல்கட்டு அடங்கியது. கூடவே, அதே சேவை நம்பியிருந்த, கிளெரிக் (பூசாரி) ஆடியவரின் பாதி மந்திரங்களும் பலிக்காமல் போயின. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மூன்று செஷன் பொறுத்துவிட்டு, "நான் வேணா மந்திரமே இல்லாத பார்பேரியனா மாறிக்கவா?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் நிழல்கட்டைக் கிழித்தேன். அதில் விசார்டுக்கு வருத்தம், நியாயமான வருத்தம்.

இப்போது எந்த மந்திரம் எழுதினாலும் நான் செய்யும் சோதனை ஒன்றுதான்: முதலில் அதை எதிரியின் கையில் கொடுத்து, ஆட்டக்காரர்கள் மேல் போடுவதாகக் கற்பனை செய்வேன். ஒருவருடைய டர்ன் போய்விட்டால், மறுபடி அவர் பெயர் வர இருபது நிமிஷம் ஆகும். அதுவரை அவர் போனைத்தான் நோண்டுவார். அடுத்த ரவுண்டிலும் அதே கதி என்றால் எழுந்து போய்விடுவார். உங்கள் மந்திரம் அதைச் செய்கிறதென்றால் சேதம் 1டி6 ஆனாலும் பூஜ்யமானாலும் ஒன்றுதான். டர்னைப் பறிக்காமல் கிள்ளுங்கள்: நகரலாம் அல்லது தாக்கலாம், இரண்டில் ஒன்று என்று எழுதுங்கள். எதிராளிக்கு அப்போதும் முடிவெடுக்க ஏதோ ஒன்று மிச்சமிருக்கும்.

"ஒரு நிமிஷம்" என்று அலட்சியமாக எழுதுவது

ஒரு ரவுண்டு ஆறு விநாடி. ஒரு நிமிஷம் என்றால் பத்து ரவுண்டு. இதில் சறுக்கியது நாம் மட்டுமில்லை. 2017-ல் வெளியான ஹீலிங் ஸ்பிரிட் மந்திரத்தில், ஆவி நிற்கும் இடத்துக்குள் யார் நுழைந்தாலும் 1டி6 ஹிட் பாயின்ட் கிடைக்கும் என்று இருந்தது. சண்டை முடிந்ததும் நாலு பேரும் வரிசைகட்டி அதற்குள் போய்ப் போய் வந்தார்கள். நாலு பேர், பத்து ரவுண்டு, சராசரி 3.5, மொத்தம் 140. அதே 2ஆம் லெவல் ஸ்லாட்டில் காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் போட்டால் சராசரியாகப் பதிமூன்று தேறினால் அதிகம். 2020-ல் அதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு போட்டார்கள். உங்கள் மந்திரத்தில் "ஒவ்வொரு முறையும்" என்ற சொல் இருந்தால், எத்தனை முறை என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எலி மூட்டை

"அருகில் ஓர் உயிர் இறந்தால் உங்களுக்கு 5 ஹிட் பாயின்ட்" என்று ஒரு மந்திரம் எழுதினேன். அடுத்த செஷனில் ஒருத்தர் தன் கேரக்டர் ஷீட்டில் "மூட்டை, எலி 20" என்று சேர்த்திருந்தார். "உயிர்" என்பதை அழித்து "எதிரி" என்று திருத்தினேன். "இந்த எலிங்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது" என்றார்.

ஒரு மந்திரத்துக்கு மூன்று முறை மட்டும் என்றேன். எலிகள் விடுதலையாயின.

வர்ணனைக்குள் விதியை ஒளிப்பது

பனிமூட்டம் எவ்வளவு அழகாகப் படர்ந்தாலும் சரி, எத்தனை அடி என்று சொல்லுங்கள்.

விலை உயர்ந்த பொருளை மறப்பது

இறந்தவரை எழுப்பும் ரிவிவிஃபைக்கு 300 கோல்டு மதிப்புள்ள வைரம் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

துப்பறியும் கதையில் உண்மை சொல்லவைக்கும் மந்திரம்

வேண்டாம்.

தம்பிக்கு இதையெல்லாம் சுருக்கி, மூன்றாவது மந்திரத்தில் கான்சன்ட்ரேஷன் போடு, டர்ன் முடிவில் இன்னொரு சேவ் கொடு என்று எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "ஆனா அண்ணா, சேதம் வெறும் 1டி4 தானே?"