மவுண்டன் பைக் வாங்கும்போது டிராவலையும் ஜியோமெட்ரியையும் எப்படிப் பார்ப்பது?

“150 மி.மீ. டிராவல் என்றால் 120-ஐ விட நல்ல வண்டிதானே?” புதிதாக வாங்க வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். இல்லை. பள்ளம் மேட்டில் சக்கரம் எவ்வளவு தூரம் மேலெழும்ப இடம் இருக்கிறது என்பதுதான் டிராவல். அது தரத்துக்குப் போட்ட மார்க் அல்ல. டிராவல் கூடக்கூட எடையும் விலையும் ஏறும், மேடேறுவது கடினமாகும்.

1. எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

ஆசையை ஒதுக்கிவிட்டு உண்மையைச் சொல்லுங்கள். மண்சாலை, மிதமான காட்டுப்பாதை என்றால் 100 முதல் 120 மி.மீ. தாராளம். வேரும் கல்லும் நிறைந்த பாதையில் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும் என்றால் 120–150. இது டிரெயில் பைக். 150–170 எண்டியூரோ, அதாவது இறக்கத்துக்கே முன்னுரிமை தரும், ஆனால் மிதித்து ஏறவும் முடிகிற வண்டி. 200 மி.மீ. டவுன்ஹில் வண்டி, கனடாவின் விஸ்லர் மாதிரி லிஃப்டில் வண்டியோடு மேலே போய் இறங்குகிற இடங்களுக்கானது. அதை மிதித்து மலையேற்றப் பார்த்தால் நொந்துபோவீர்கள்.

2. ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

ஹார்ட்டெயிலில் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், ஃபுல் சஸ்பென்ஷனில் இரண்டு பக்கமும். பட்ஜெட் இறுக்கமென்றால் யோசிக்காமல் ஹார்ட்டெயில். மலிவான ஃபுல் சஸ்பென்ஷனில் பின் ஷாக்குக்குச் செலவான காசைப் பிரேக்கிலும் கியரிலும் பிடித்துவிடுவார்கள்.

3. ஜியோமெட்ரி அட்டவணையைத் திறங்கள்

ஜியோமெட்ரி என்றால் ஃபிரேமின் நீளங்களும் கோணங்களும். வண்டியின் குணம் இங்கேதான் இருக்கிறது. நிறுவனத்தின் இணையதளத்தில் கிடைக்கும். மூன்று எண்கள் போதும்.

ரீச்: பெடல் கைகள் சுழலும் நடு அச்சிலிருந்து (பாட்டம் பிராக்கெட்) நேர் மேலே ஒரு கோடு போட்டால், அதிலிருந்து ஹெட் டியூபின் (முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நுழையும் முன்குழாய்) மேல்முனை வரை உள்ள கிடைமட்ட தூரம். எழுந்து நின்று ஓட்டும்போது உங்களுக்குக் கிடைக்கும் இடம் இது. மீடியம், லார்ஜ் எல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் ரீச்சை ஒப்பிடுங்கள். 170 செ.மீ. உயரத்துக்கு இன்றைய டிரெயில் பைக்குகளில் 440–460 மி.மீ. பக்கம் வரும்.

ஹெட் ஆங்கிள்: ஹெட் டியூப் தரையோடு உண்டாக்கும் கோணம். இது குறைந்தால் முன்சக்கரம் தள்ளிப் போகும். செங்குத்தான இறக்கத்தில் நிதானம் கிடைக்கும், மெதுவான ஏற்றத்தில் ஹேண்டில்பார் அலையும். டிரெயிலுக்கு 64–66 டிகிரி, வேகமாக ஏற விரும்புபவருக்கு 67 பக்கம். 130 மி.மீ. டிராவல் உள்ள இரண்டு வண்டிகளில் ஒன்று 68, இன்னொன்று 65 டிகிரி என்றால் இறக்கத்தில் இரண்டும் வேறு வேறு வண்டிகள்தான்.

சீட் டியூப் ஆங்கிள்: சீட்டைத் தாங்கும் குழாய் தரையோடு உண்டாக்கும் கோணம். 75–77 டிகிரி இருந்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்காது. உயரமானவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கவும். சீட்டை உயர்த்த உயர்த்த உடல் பின்னால் போகும்.

“அப்புறம் நீளமான ஃபோர்க் மாட்டிக்கலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 20 மி.மீ. கூட்டினால் ஹெட் ஆங்கிள் சுமார் ஒரு டிகிரி குறையும், ரீச் சுருங்கும், ஃபிரேம் மீது பாரம் ஏறும். நிறுவனம் அனுமதித்த அளவைத் தாண்டினால் வாரன்டியும் போகலாம்.

4. கடையிலேயே சேக் பாருங்கள்

நீங்கள் ஏறி நின்றதும் உங்கள் எடைக்கு சஸ்பென்ஷன் அமுங்கும் அளவுதான் சேக். ஹெல்மெட், பை எல்லாவற்றோடும் வண்டியில் ஏறுங்கள். ஃபோர்க் கால் மீதுள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, பெடல் மீது அசையாமல் நின்று, மெல்ல இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரம் முன்பக்கம் டிராவலில் 15–20 சதவீதம், பின் ஷாக்கிலுள்ள வளையம் என்றால் ஷாக் சுருங்கக்கூடிய மொத்த நீளத்தில் 25–30 சதவீதம் இருக்க வேண்டும். ஏர் ஃபோர்க்கில் காற்றைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். காயில் ஸ்பிரிங் என்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும், விலை குறைந்த ஃபோர்க்குகளுக்கு அது கிடைப்பதும் அரிது. ஒல்லியானவர் அதில் ஏறினால் பாதி டிராவல் கூட அசையாது.