லண்டனில் அம்பிளிஃபயர், கனடாவில் ஸ்பீக்கர்

நல்ல ஓடியோ செட் புதிதாக வாங்கினால் கை சுடும். பாவித்ததைத் தேடுங்கள். பத்து, இருபது வருடப் பழைய நல்ல அம்பிளிஃபயர் இன்றைய மலிவுப் பெட்டிகளை விட வடிவாகப் பாடும்.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு வசதி, வெளிநாட்டுச் சொந்தம். ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டும். அம்பிளிஃபயரை லண்டன், பாரிஸ் பக்கம் இருப்பவர்களிடம் கேளுங்கள்; அங்கேயும் 230 வோல்ட்தான், பிளக்கை மாற்றினால் போதும். கனடா மாமா அனுப்புவது 120 வோல்ட். அதை நேரே குத்தினால் புகைதான் வரும். ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி என்றால் 100 வோல்ட். சிலவற்றின் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். இல்லையென்றால் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் பாரமான சாமான்.

கரண்டில் குத்தாத சாதாரண ஸ்பீக்கருக்கு இந்தத் தலையிடி இல்லை, எந்த நாட்டிலிருந்தும் வரலாம். ஸ்பீக்கரின் நடுவில் அதிரும் கூம்பை, அதாவது கோனைச் சுற்றியுள்ள வளையத்தை மட்டும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் என்றால் நல்லது. ஃபோம் பதினைந்து, இருபது வருடத்தில் உதிர்ந்துவிடும். உதிர்ந்திருந்தாலும் விட்டுவிடாதீர்கள், அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். வளையம் தனியாகக் கிடைக்கும், பசை போட்டு ஒட்டலாம்.

வொலியூம் திருகும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தூசிதான், கொன்டக்ட் கிளீனர் என்ற துப்புரவு ஸ்பிரே அடித்தால் சரி.