ப்ளஸ் டூவில் மார்க் குறைவா? கல்லூரி தேடும்போது இதையெல்லாம் செய்யாதீர்கள்

ரிசல்ட் வந்ததும் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பொறியியல் கவுன்சிலிங் (மதிப்பெண் வரிசையில் அரசு இடம் ஒதுக்கும் கலந்தாய்வு) விண்ணப்பம் போட்டுக்கொடுப்பது என் வழக்கம். வருடா வருடம் பிள்ளைகள்தான் மாறுகிறார்கள், செய்கிற தவறுகள் அதேதான். கடைசித் தேதியைக் கோட்டை விடுவது, சாதிச் சான்றிதழை மறப்பது எல்லாம் ஊருக்கே தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கவுன்சிலிங்குக்கு முன்பே பணம் கட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. மார்க் குறைந்த வீட்டில் எல்லாரும் பயந்துபோய் இருப்பார்கள், அதைத் தெரிந்துகொண்டே ஒரு புரோக்கர் வந்து நிற்பார். "அண்ணே, இந்த மார்க்குக்குக் கவுன்சிலிங்ல ஒண்ணும் கிடைக்காது, இப்பவே அட்வான்ஸ் போட்டா சீட்டைப் பிடிச்சு வெச்சிடலாம்" என்று தறி ஓட்டுகிற ஒரு அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். மகளுக்குக் கணிதம் 60, இயற்பியல் 56, வேதியியல் 64. கணிதத்தை அப்படியே எடுத்து மற்ற இரண்டையும் பாதியாக்கினால் கவுன்சிலிங்குக்கான மதிப்பெண் 200க்கு 120 வருகிறது. குறைந்தபட்சத் தகுதியே இந்த மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம்தான், சராசரி 60 இருக்கிற அந்தப் பெண் தாராளமாகத் தகுதி உள்ளவள். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நகையை அடகு வைத்து, கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் கட்டி, ஒரிஜினல் டி.சி.யையும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கடைசிச் சுற்றில் பார்த்தால் அதே கல்லூரியில் அதே பாடப்பிரிவில் இடம் காலியாகக் கிடக்கிறது!

தமிழ்நாட்டில் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான பொறியியல் இடங்கள் நிரம்பாமல் போகின்றன, அப்புறம் எதற்கு அட்வான்ஸ்? அதைவிடப் பெரிய நஷ்டம், வீட்டில் முதல் பட்டதாரிக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை. அது கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே ஏற்கிறது, அதுவும் கவுன்சிலிங்கில்தான்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏ.ஐ.சி.டி.இ.) விதி. எழுத்தில் கேளுங்கள். புரோக்கர் கையில் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்துக்குத்தான் எந்த விதியும் உதவாது.

பத்துக் கல்லூரியோடு பட்டியலை முடிப்பது

எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கவுன்சிலிங் இணையதளத்திலேயே போன வருடக் கட் ஆஃப் (கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்) கல்லூரிவாரியாக, பாடப்பிரிவுவாரியாக, சமூகவாரியாக இருக்கிறது, உங்கள் சமூகத்துக்கான எண்ணைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பையனுடையதை அல்ல. அதில் உங்கள் மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் மேலே உள்ளவற்றையும் சேர்த்து, உண்மையில் பிடித்த வரிசையில் போடுங்கள். பட்டியலில் மேலிருந்து எது கிடைக்குமோ அதைத்தான் ஒதுக்குவார்கள், ஆகவே "கிடைக்கும்" என்று நினைக்கிற கல்லூரியை முதலில் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பேருந்தையும் கட்டடத்தையும் பார்த்துச் சேர்வது

இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. பாதிப் பிள்ளைகள்கூடத் தேறாத கல்லூரிகள் அதில் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நண்பன் சேர்ந்த இடத்திலேயே சேர்வது

வேண்டாம்.

பி.இ. இல்லையென்றால் வாழ்க்கையே இல்லை என்று நிற்பது

கணிதத்தில் தட்டுத் தடுமாறித் தேறிய பிள்ளையை முதல் செமஸ்டர் கணிதத்தில் தள்ளிவிட்டு அரியரோடு அல்லாட விடுகிறோம். ப்ளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்து, மறுபடி பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழையலாம். ஒரு வருடம் கூடும், ஆனால் கைத்தொழிலோடு வருவார்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள், இணையத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் கேட்கலாம்.

ஒரு பாடம் போனால் வருடமே போச்சு என்று உட்கார்ந்துவிடுவது

துணைத்தேர்வில் தேறியவர்களுக்குத் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அறிவிப்பு வந்தபின் கிடைக்கிற நாட்கள் குறைவு, மதிப்பெண் பட்டியல் கையில் வந்த அன்றே போடுங்கள்.