ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து மூடில் சொல்லிக்குடுத்த கதை

சேலத்துல ஒரு காலேஜ்ல மூடில்ங்குற, ஆன்லைன்ல பாடமும் டெஸ்ட்டும் போடுற சாஃப்ட்வேர பாத்துக்குறது என் வேலை. செமினார் ஹால் ட்ரெயினிங்னா டீச்சருங்க வருவாங்க, கையெழுத்து போடுவாங்க, டீ குடிச்சிட்டு கெளம்பிடுவாங்க, அதான் நேரா ஸ்டாஃப் ரூமுக்கே போய் "மேடம், எதுல உங்க நேரம் போகுது"ன்னு கேட்டேன். பேப்பர் திருத்துறதுலதானாம். சரி, ஒன் மார்க் கேள்விய மட்டும் க்விஸ்ஸா மாத்துவோம்னு உக்காந்தோம்.

தமிழ் டிபார்ட்மென்ட்லதான் சிக்கல். கேள்வியெல்லாம் பாமினிங்குற பழைய தமிழ் ஃபான்ட், மூடில்ல ஏத்துனா வெறும் இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது. கன்வர்ட்டர்ல யூனிகோடாக்கி (எங்க தொறந்தாலும் தமிழாவே தெரியுற எழுத்து முறை), நோட்பேட்ல கேள்வி, கீழ ஏ பி சி டி, கடைசி வரில ஆன்சர்னு இங்கிலீஷ் கேபிடல்ல போட்டு கோலன் வச்சு விடை எழுத்து, யூடிஎஃப்-8ல சேவ், அப்புறம் மூடில்ல அய்கென் ஃபார்மேட்னு (இப்படி எழுதுற முறைக்கு அதான் பேரு) இம்போர்ட், அவ்ளோதான் (ஒவ்வொரு கேள்வியா ஃபார்ம்ல அடிக்கச் சொன்னா நானே ஓடிடுவேன்).

மார்க் தானா விழுந்தத பாத்ததும் பக்கத்து டேபிள் சாரும் பென்டிரைவோட வந்துட்டாரு. எஸ்ஸேக்கு மட்டும் இன்னும் சிவப்பு பேனாதான்.