7,20,720: ஒரு பெரிய எண்ணைக் கையால் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பெரிய எண் ஒன்றைக் கொடுத்து அதன் பண்புகளைக் கேட்டால் பலர் உடனே 2ஆல் வகுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் எண்ணைப் பாருங்கள். 7,20,720 என்று நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் ஒன்றும் தெரியாது, ஆனால் மூன்று மூன்று இலக்கமாக 720|720 என்று வெட்டினால் ஒரே துண்டு இரண்டு முறை வருவது கண்ணில் படும். அப்படி வருகிற எந்த ஆறிலக்க எண்ணும் அந்தத் துண்டை 1001ஆல் பெருக்கியதுதான். 1001 = 7 × 11 × 13. இதை மனப்பாடமே செய்துவிடுங்கள், அவ்வளவு உதவும். 720 = 2⁴ × 3² × 5. ஆக 720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13.

துண்டுகள் வேறுவேறாக இருந்தால்? ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழியுங்கள். 456547 என்றால் 547 − 456 = 91, அதாவது எண் 456456 + 91; 456456 எப்படியும் 1001இன் மடங்கு, 91 என்பது 7 × 13, அதனால் மொத்த எண்ணும் 7ஆலும் 13ஆலும் வகுபடும், 11ஆல் வகுபடாது. இரண்டாலும் வகுத்தால் கிடைப்பது 5017. அதன் வர்க்கமூலம் 71க்குக் கொஞ்சம் கீழே என்பதால் அதற்கு மேல் எந்தப் பகா எண்ணையும் முயலத் தேவையில்லை. 29இல் மாட்டிக்கொள்ளும், 29 × 173.

சரி, 720720க்கு வருவோம். பகாக்காரணிகள் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அடுக்குகளிலிருந்தே வந்துவிடும். ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240, அத்தனை வகுத்திகள். 5, 7 போன்றவற்றின் அடுக்கு 1, அதாவது ஒற்றைப்படை, அதனால் இது முழு வர்க்கம் இல்லை. வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு (1+2+4+8+16) × (1+3+9) × 6 × 8 × 12 × 14 = 32,49,792. இதில் எண்ணையே கழித்தாலும் 25,29,072 மிஞ்சுகிறது, எண்ணைவிட மூன்று மடங்குக்கும் மேல். எண்ணைத் தாண்டினாலே போதும், அது மிகையெண். இலக்கங்களின் கூட்டல் 18, எண் அதனாலும் வகுபடுகிறது (40040 முறை), இப்படிப்பட்டவற்றுக்குத்தான் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் ஹர்ஷத் எண் என்று பெயர் வைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த வகை கடைசியாக. 720720ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 வகுத்திகள் கிடையாது. இப்படித் தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்டதுதான் உயர் பகு எண், ராமானுஜன் 1915இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதிய அதே எண்கள். அந்த ஆய்வுக்காகத்தான் அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச்சிறிய எண்ணும் இதுவே. அப்புறம் 17ஐயும் சேர்த்தால் அதுவும் உயர் பகு எண்தானே என்று தோன்றும். 17ஆல் பெருக்கினால் 1,22,52,240, வகுத்திகள் 480. ஆனால் 17க்குப் பதில் 15ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1,08,10,800 = 2⁴ × 3³ × 5² × 7 × 11 × 13. இதற்கும் வகுத்திகள் 480, எண்ணோ சிறியது, அதனால் 1,22,52,240 உயர் பகு எண் இல்லை.