விசா இல்லாவிட்டாலும் வைத்தியம் உண்டு: பிரான்சுக்கு வரும் இளையவர்களுக்கு

பாரிஸில் தமிழர் கூடும் லாச்சப்பலில் வந்து இறங்கியவுடன் அறை எங்கே, வேலை எங்கே என்று எல்லோரும் கேட்கிறார்கள். நோய் வந்தால் எங்கே போவது என்று கேட்ட இளையவரை நான் இன்னும் காணவில்லை. ஆனால் உணவகச் சமையலறையில் கத்தி கையில் இறங்குவதற்கும், பல்வலி இரவு முழுவதும் உயிரை எடுப்பதற்கும் வயது கணக்கில்லை.

தங்கும் அனுமதி இல்லாத, வருமானம் குறைந்தவர்களின் மருத்துவச் செலவை அரசே ஏற்கும் திட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே நடைமுறையில் இருக்கிறது. அதுதான் எய்ட் மெடிக்கால். அதை நிறுத்திவிட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023 நவம்பரில் செனட் சபை அதைச் சுருக்க வாக்களித்தது உண்மை. அந்த மாற்றம் சட்டமாகவில்லை.

வயது இங்கே முக்கியம். பதினெட்டு நிரம்பாதவருக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. வந்த நாளிலிருந்தே உரிமை உண்டு. பதினெட்டைத் தாண்டியவர், அனுமதியில்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அகதி வழக்கு நடக்கும் காலத்துக்கு எய்ட் மெடிக்கால் பொருந்தாது; அப்போது கிடைப்பது வழமையான அரச மருத்துவக் காப்புறுதியான செக்யூரித்தே சோசியால்.

பலர் தடுக்கி விழுவது அந்த மூன்று மாதத்தில்தான். எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் ஐந்து மாதத்தில் மூன்று அறை மாறினார். ஒன்றிலும் அவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. குடல்வால் அழற்சி வந்து படுத்த பிறகுதான் சான்று தேடி அலைந்தோம். ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு கோப்பு வாங்குங்கள். கடவுச்சீட்டில் நுழைவு முத்திரை இருந்தால் அந்தப் பக்கத்தின் பிரதி, வைத்தியசாலைச் சீட்டு, பெயரும் திகதியும் உள்ள கடிதம் எதுவானாலும் அதற்குள் போகட்டும். நிலையான முகவரி இல்லாதவர்களுக்கு நகரசபையின் சமூக உதவி நிலையமோ அனுமதி பெற்ற சங்கமோ கடிதம் பெறும் முகவரி கொடுக்கும். தமிழில் இதை விளக்க யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விண்ணப்பம் இலவசம். படிவம் நிரப்பக் காசு கேட்பவரிடம் கும்பிட்டு விலகிவிடுங்கள். முதல் முறை நேரில் போக வேண்டும். பொலிஸுக்குத் தகவல் போகுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. விண்ணப்பத்தை வாங்கும் செக்யூரித்தே சோசியால் அலுவலர்களும் வைத்தியர்களும் இரகசியம் காக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர்கள்.

எய்ட் மெடிக்கால் அட்டை வருவதற்குள் நோய் வந்தால், அரச வைத்தியசாலைகளில் 'பாஸ்' என்ற பிரிவைக் கேளுங்கள். லாச்சப்பலுக்குப் பக்கத்தில் லாரிபுவாசியேர் வைத்தியசாலையிலும் அது இருக்கிறது. காப்புறுதி இல்லாதவரையும் பார்ப்பார்கள்; சமூகப் பணியாளர் அங்கேயே விண்ணப்பத்துக்கும் உதவுவார். உயிராபத்து என்றால் யோசிக்காமல் 15ஐ அழையுங்கள்.

அட்டை கிடைத்த பின், அரசு வகுத்த கட்டணத்தை மட்டும் வாங்கும் 'செக்தர் 1' வைத்தியரிடமே போங்கள். மற்றவர்கள் கூடுதலாகக் கேட்கும் கட்டணத்தை எய்ட் மெடிக்கால் தராது. அட்டை ஓராண்டுக்குத்தான். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள்.